துடிப்பை அடக்கும் ஊக்க மருந்து

ஓரிடத்தில் இருக்கமாட்டாது ஓடித் திரியும் பிள்ளைக்கு ஊக்க மருந்து கொடுப்பது, எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பது போலாகாதோ என நாம் ஐயுறுவோம். ஆயின் நிகழ்வது வேறு.

1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றோட் ஐலன்ட் மாநிலத்தில், சார்ள்ஸ் பிராட்லி என்னும் வைத்தியர் 30 பிள்ளைகளுக்குப் பென்செட்ரின் என்னும் மருந்தைக் கொடுத்தார். ஏறக்குறையப் பாதிப் பேர் பாடத்தில் மனமூன்றினர். 1944இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் ஆக்கிய மருந்து, அவர்தம் மனைவி றீற்றாவின் பெயரால் றிற்றலின் ஆயிற்று.

இதன் மருமம் யாது? நரம்புக் கலங்கள் டோபமீன் என்னும் இரசாயனப் பொருளைத் தூதாக விடுத்துச் செய்தி பரிமாறுகின்றன. செய்தி சேர்ந்ததும், விடுத்த கலமே தூதை மீள உள்ளிழுக்கும். றிற்றலின் அவ்வாயிலை அடைக்கிறது. தூது இடைவெளியிற் சற்று நீடித்து நிற்க, கவனத்தை ஆளும் மூளையின் முன்பகுதி வலுப்பெறுகிறது.

எனினும் பசி குன்றலாம், உறக்கம் கெடலாம். ஆதலின் வைத்தியர் அளந்து கொடுத்தாலன்றி, பரீட்சைக்கென மாணவர் தாமாக உண்ணல் தகாது. பெற்றோரே, துடிப்பெல்லாம் நோயன்று. நோயாயின் அது பிரம்படியால் தீராது.