கீமோவும் கஷாயமும்

"வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?" என்று புற்றுநோய் டாக்டர் கேட்பார். "இல்லீங்க டாக்டர்" என்று பதில் வரும். ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும் அதே பையில் சூரண டப்பாவும் இருக்கும். பொய் சொல்லும் எண்ணம் கிடையாது. மூலிகையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. திட்டு விழுமோ என்ற பயமும் கொஞ்சம் உண்டு.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் ஆயுர்வேதத்தின் அடிப்படைச் சேர்க்கைகளில் ஒன்று. மற்ற மருந்துகள் உடம்பில் நன்றாகச் சேர வேண்டும் என்று வைத்தியர்கள் இதைக் கூடவே கொடுப்பார்கள். அந்த யோசனை சரிதான் என்று 1998இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. மஞ்சளில் உள்ள குர்குமினை 2 கிராம் தனியாக விழுங்கியவர்களின் ரத்தத்தில் அது அநேகமாகத் தென்படவே இல்லை. மிளகின் காரப்பொருளான பைப்பரினை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்ததும் குர்குமின் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியது. குர்குமினை மாற்றி வெளியேற்றும் ஈரல், குடல் நொதிகளின் வேலையைப் பைப்பரின் மந்தப்படுத்துகிறது.

சிக்கலும் அங்கேதான். பைப்பரின் தடுக்கும் நொதிகளில் சிஒய்பி3ஏ4 என்பதும் ஒன்று. டோசிடாக்செல், இமாடினிப் போன்ற புற்றுநோய் மருந்துகளை உடைப்பதும் இதே நொதிதான். அது சுணங்கினால் மருந்து ரத்தத்தில் கூடுதலாகத் தங்கலாம். உயரமும் எடையும் பார்த்து டாக்டர் போட்ட டோஸ் கணக்கு அவருக்கே தெரியாமல் மாறிப்போகும். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் விஷயத்தில் நடப்பது நேர்மாறு. அது ஈரலில் எண்டாக்சிஃபெனாக மாறினால்தான் முழுப் பலன். குர்குமினும் பைப்பரினும் சேர்த்துக் கொடுத்தபோது எண்டாக்சிஃபென் அளவு சுமார் 12 சதவீதம் குறைந்ததை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2019இல் கண்டார்கள். டமாக்சிஃபென் ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரை. ரசத்தில் போடும் மிளகுக்காகக் கவலைப்பட வேண்டாம். கேப்சூலில் அடைத்த சாறுதான் விவகாரம்.

சீந்தில் கொடியிலும் சிக்கல் உண்டு. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று ஊரே குடித்தது. சீந்தில் சாப்பிட்டபின் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். கீமோவின்போது ஈரல் பரிசோதனையில் எண்கள் ஏறினால், அடுத்த டோஸே தள்ளிப்போகலாம். காரணம் கீமோவா கஷாயமா என்று டாக்டர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? சிறுநீரகத்துக்குச் சுமையாகக்கூடிய பஸ்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறும் உடம்பில் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 576 நோயாளிகளின் தரவுகளை அலசினார்கள். வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்தோடு இஞ்சி கேப்சூலும் எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. நாளுக்கு அரை கிராமும் ஒரு கிராமும் நன்றாக வேலை செய்தன. ஒன்றரை கிராம் அதைவிட மேலாக எதுவும் செய்துவிடவில்லை. 'இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன' என்று நினைக்கும் நமக்கு இது தேவையான தகவல். சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் யோகா உதவுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. யோகாசனம் எந்த நொதியிடமும் வம்புக்குப் போவதில்லை.

காலையில் பார்க் வாசலில் விற்கும் அருகம்புல் சாற்றை மட்டும் கீமோ முடியும்வரை தள்ளிவையுங்கள். வெள்ளணுக்கள் சரிந்திருக்கும் நாட்களில், கொதிக்கவைக்காத எந்தப் பச்சைச் சாறும் கிருமிக்கு வழிவிடலாம். மற்றபடி சூரணம், லேகியம், கேப்சூல் எதுவானாலும் டப்பாவோடு எடுத்துப்போய் டாக்டரின் மேசைமேல் வையுங்கள். பெயர் தெரியாத பொட்டலமாக இருந்தால், கொடுத்த வைத்தியரிடமே சேர்க்கையை எழுதி வாங்கிக்கொள்ளலாம். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டார்களா? மஞ்சள், பூண்டு கேப்சூல்கள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவற்றை எடுத்துவந்ததை மயக்க மருந்து டாக்டரிடம் தனியாக ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.