கேஸ் முடிந்தது, கட்டு முடியவில்லை

"பரண்ல இடமே இல்ல சார். பழைய கேஸ் கட்டுகளை எடைக்குப் போட்டுரலாமா?" என்று கேட்டார், கோச்சடையில் புதிதாக ஆபீஸ் பிடித்திருக்கும் இளம் வக்கீல்.

உட்காருங்க தம்பி, இன்னொரு டீ சொல்வோம். இதற்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது.

தீர்ப்பு வந்த அன்றே கேஸ் முடிந்துவிட்டதாகக் கட்சிக்காரர் நினைப்பார். நாம் அப்படி நினைக்கக் கூடாது. மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். அதுவும் கடந்தாலும், டிக்ரியை நிறைவேற்றக் கேட்டு மனுப்போட 12 வருஷம் அவகாசம் இருக்கிறது. நிரந்தர உறுத்துக்கட்டளை டிக்ரிக்கு அந்த வரம்பும் இல்லை. நம் பக்கம் வயலெல்லாம் மனையான பிறகு வந்த வழக்குகளில் எல்லைத் தகராறுதான் எத்தனை! பிரதிவாதி 20 வருஷம் கழித்து வேலியை நகர்த்தினாலும் அந்த டிக்ரியைத் தேடிக்கொண்டு ஆள் வருவார். அந்தக் கட்டு பரணிலேயே இருக்கட்டும்.

அதனால் அட்டையில் 'முடிந்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன டிக்ரி, எந்தத் தேதி வரை உயிர் இருக்கிறது, 16 இலக்க சி.என்.ஆர். எண் என்ன, இந்த மூன்றையும் எழுதுங்கள்.

அடுத்தது அசல் பத்திரம். என் கவலையெல்லாம் இதில்தான். ஒரு பழைய கட்டைப் பிரித்துப் பாருங்கள். மேலே வக்காலத்து நகல், பிராது, இடைக்கால மனுக்கள். அடியில், மடித்த மடிப்பிலேயே கிழியப்போகும் முத்திரைத்தாளில் ஒரு தாய்ப்பத்திரம், அதில் 'ஏ-3' என்று நீதிமன்றக் குறியீடு. கட்டில் இல்லாமல் இன்னும் நீதிமன்றத்திலேயே இருக்கிறது என்றால், வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் போனபின் அதைத் திரும்ப வாங்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 13, விதி 9 வழி தருகிறது. அந்த மனுவுக்குப் புது வக்காலத்துகூட வேண்டாம். ஆவணத்தைத் திரும்பப் பெறும் வரை பழைய வக்காலத்தே செல்லும். ஆனால் குமாஸ்தா மறப்பார், கட்சிக்காரருக்கோ தெரியாது. பத்து வருஷம் கழித்து வீட்டை விற்கும்போது போலீஸ் புகார், பேப்பர் விளம்பரம், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்று என்று அலைவார்கள்.

2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வருவதற்கு முன் இரண்டாம் மேல்முறையீடு என்றால் சென்னைக்குத்தான் போகும். அந்தக் காலத்துக் கட்டுகளில் பாதி அங்கே இருந்த வக்கீல் ஆபீஸில் இருக்கலாம். உங்கள் பரணில் இல்லை என்பதற்காகத் தொலைந்துவிட்டது என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது பட்டியல் போட்டு, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கட்சிக்காரர் இறந்துபோய் நாலு பிள்ளைகளில் ஒருவர் மட்டும் வந்து நின்றால், மற்ற மூவரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் எடுத்து நீட்டாதீர்கள்.

"பீஸ் பாக்கி இருந்தா சார்?"

இருந்தாலும் கட்டைப் பிடித்துவைக்க முடியாது. ஆர்.டி. சக்சேனா என்ற வக்கீலின் வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசக் கூட்டுறவு வங்கி ஒன்று தன் கட்டுகளைக் கேட்டபோது அந்த வக்கீல் 97,100 ரூபாய்க்கு பில்லை நீட்டி, பணம் வந்தால்தான் தருவேன் என்றார். பார் கவுன்சில் 18 மாதம் தொழில் செய்யத் தடை போட்டது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டனமாகக் குறைத்தது, ஆனால் கட்டின் மீது பிடிமான உரிமை இல்லை என்பதில் தளரவில்லை. பாக்கிக்குத் தனியாக வழக்குப் போடுங்கள்.

நீதிமன்றத்தில்தான் எல்லாம் இருக்குமே என்றும் நினைக்காதீர்கள். 1917ஆம் ஆண்டிலேயே ஆவணங்களை அழிப்பதற்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. நீதிமன்றங்களும் காலக்கெடு வைத்துப் பழைய பதிவுகளைக் கழிக்கின்றன. சில சமயம் உங்கள் கட்டில் இருப்பதுதான் கடைசி நகல். சாதாரண டிக்ரி என்றால் 12 வருஷத்துக்கு மேல் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வது என் வழக்கம். மைனர் சொத்து என்றால் அந்தப் பிள்ளை மேஜரான தேதியிலிருந்து எண்ணத் தொடங்குவேன். கட்டை மூடும்போதே கட்சிக்காரருக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்: இதையெல்லாம் திருப்பித் தந்தாயிற்று, மீதியை இந்த வருஷம் வரை வைத்திருப்போம், பிறகு அழித்துவிடுவோம் என்று.

சரி, அழிக்கும் நாள் வந்துவிட்டது. அப்போதும் எடைக்குப் போடக் கூடாது. ஒரு விவாகரத்து மனு இந்த டீக்கடையிலேயே வடை மடிக்க வந்து சேரலாம். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதைக் காக்கும் கடமை, வேலை முடிந்த பிறகும் தொடர்கிறது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 132ஆம் பிரிவு. துண்டு துண்டாக வெட்டும் மெஷின் ஒன்று வாங்குங்கள், அல்லது கண் முன்னால் எரியுங்கள். எந்தக் கட்டு, எப்போது, யார் முன்னால் என்று ஒரு நோட்டில் ஒரே வரி எழுதுங்கள். அந்த நோட்டை மட்டும் அழிக்கவே வேண்டாம்.

காகிதம் போனாலும் ஸ்கேன் போகாது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறது. சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுக்கு அதில் விலக்கு உண்டு. பத்திரமாக வைத்திருக்கும் கடமைக்கு விலக்கு இல்லை. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பூட்டிவிடுவீர்கள் தம்பி, அது எனக்குத் தெரியும். குமாஸ்தாவின் வாட்ஸாப்பையும், அபிடவிட் அடித்துத் தரும் ஜெராக்ஸ் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் 'நியூ ஃபோல்டர் 2' என்று கிடப்பதையும் முதலில் போய்ப் பாருங்கள்.