இணையப் பாடமும் கூட்டுப் படிப்பும்

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அதே மாதம் 28-ஆம் நாள் நம் கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் சுரங்கம் மூடியபின் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு ரயிலேறிய குடும்பங்களுக்கு அந்தப் பாடங்கள் தேவைப்பட்டன.

நம்ம பிள்ளைகள் வீட்டில் தமிழ் நன்றாகவே பேசுகிறார்கள். பள்ளியில் படிப்பதோ கன்னடமும் ஆங்கிலமும். தாத்தா எழுதிய கடிதத்தைக் கையில் கொடுத்தால், "நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்கிறார்கள்.

இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் பெற்றுள்ள அந்நிறுவனத்தில் மழலைக் கல்வி முதல் பட்டப்படிப்பு வரை பாடங்கள் உண்டு. பாடம் இருந்தும் பிள்ளை பாதியில் விட்டுவிடுவது ஏன்? திரையின் முன் தனியாக உட்கார்ந்தால் கேள்வி கேட்க ஆளில்லை. தவறினால் திருத்தவும் ஆளில்லை. இந்தக் குறையைத் தீர்ப்பவைதாம் சமூக மென்பொருள்கள், அதாவது பலர் கூடிப் பேசவும் எழுதவும் திருத்தவும் இடந்தரும் கருவிகள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே கூடிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து வெளியிட்டார்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். யார் எதை மாற்றினார் என்பது பதிவாகும். ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடல் பக்கம் ஒன்று உண்டு. (அங்கே சான்று கேட்பார்கள். பாட்டி சொன்னார் என்பது மட்டும் போதாது!)

நமக்கு வாட்ஸ்அப் குழு ஒன்றே போதும். பத்துக் குடும்பங்கள், வாரம் ஒரு பாடம். பிள்ளை கையால் எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். வாசித்துக் குரல்பதிவும் போட வேண்டும். பேசினால் கைப்பேசியே எழுதித் தரும் வசதியை இதற்கு அனுமதிக்கக் கூடாது. ல, ள, ழ வேறுபாடு பிறகு கைக்கு வரவே வராது. முதலில் திருத்த வேண்டியது இன்னொரு பிள்ளை, பெரியவர்கள் அப்புறம்தான். அடுத்தவர் பிழையைத் தேடும்போது தன் பிழையும் கண்ணில் படும். குழு பெரிதாகிவிட்டால் காலை வணக்கப் படங்களில் பாடம் புதைந்துபோகும்.

பயிற்சிக்கு விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. சாம்பியன் ரீப்பிலும் மாரிகுப்பத்திலும் லைன் வீடுகளில் இருக்கும் நம் பெரியவர்களிடம் பிள்ளைகள் குரல்பதிவில் கேள்வி கேட்கட்டும். பதிலைக் கேட்டுக் கேட்டு எழுதட்டும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தவர்கள் அவர்கள், ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். முதல் வாரக் கேள்வி சின்னதாகவே இருக்கட்டும்: "தாத்தா, நீங்க முதல் நாள் உள்ளே இறங்கினப்போ என்ன பார்த்தீங்க?"