அக்கரைக்கு ஏடு போவது எப்போது?

கணியூர் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் நமக்கெல்லாம் மகிழ்ச்சி. அமராவதி அணையில் இன்று எத்தனை அடி என்பதைத்தான் காலையில் நாளேட்டைப் பிரித்ததும் பார்க்கிறோம். 90 அடியை நெருங்கிவிட்டது என்றால் நெல்லுக்காரர் முகத்திலும் கரும்புக்காரர் முகத்திலும் ஒளி வந்துவிடுகிறது. கல்லாபுரம், குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று நீளும் பழைய வாய்க்கால்களும், கீழே கரூர் மாவட்டம் வரையில் ஏறத்தாழ 55,000 ஏக்கர் நிலமும் அந்த நீரை நம்பியே வாழ்கின்றன.

அந்த நீர் நம்மிடம் வந்து சேருமுன் யாருடைய வழியை மறித்துவிட்டு வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தோமா?

பாம்பாறு, சின்னாறு, தேனாறு என்னும் மூன்றும் சேர்ந்துதான் அணையை நிரப்புகின்றன. உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கினால் கூட்டாறு. அதற்கு அப்பால் தளிஞ்சி, மஞ்சம்பட்டி முதலிய மலைக் குடியிருப்புகள். கோடையில் குழந்தைகள்கூடக் கால் நனைத்துக் கடக்கும் ஆறு, மறையூர் மலைப்பக்கம் ஒரு நாள் கனமழை பெய்தால் யானையையும் புரட்டும் வெள்ளமாகிறது. அரிசியும் உப்பும் இக்கரையில் நிற்கும். நோயாளியோ அக்கரையில் கிடப்பார். தொட்டில் கட்டித் தோளில் தூக்கிவந்த செய்திகளை ஒரு முறையா, இரு முறையா படித்திருக்கிறோம்!

பள்ளிக்கூடத்தின் கதை இதைவிடக் கொடுமை. பள்ளி திறப்பது ஜூன் மாதத்தில். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் அதே ஜூன் மாதத்தில். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். வடகிழக்குப் பருவமழை விட்டும் விடாமலும் பெய்வதும் அப்போதுதான். சென்னையிலே வகுத்த பள்ளி நாட்காட்டியும் மலையிலே வகுத்த ஆற்று நாட்காட்டியும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை போலும்!

இந்த நேரத்தில்தான் தொண்டர்கள் புறப்படுகிறார்கள். நோட்டும் பென்சிலும் பையும் மூட்டையாகக் கட்டி, கயிற்றைப் பிடித்து, இடுப்பளவு நீரில் அக்கரைக்குக் கொண்டு சேர்க்கும் இளைஞர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பனியன் கம்பெனியில் வாரம் முழுதும் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் கொடுப்பவன் கொடுப்பது பெரிய கொடை. ஒரே ஒரு நோட்டை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு நிழற்படத்துக்கு நிற்பவர்களைப் பற்றி நாம் பேச வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். தமிழ்நாட்டில் புத்தகத்துக்கா பஞ்சம்? 1970-இல் பாடநூல் கழகம் கண்ட நாடு இது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகமும் சீருடையும் விலையின்றிக் கிடைக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் ஏடுகளை இழந்த பிள்ளைகளுக்குப் புதிய புத்தகங்கள் தரப்பட்டன. சான்றிதழ் இழந்தோருக்குத் தனி முகாம்கள் நடந்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தபோதும், தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. புத்தகங்கள் மீண்டும் கொடுக்கப்பட்டன. அங்கே வெள்ளம் வடிந்தது, லாரி போயிற்று. கூட்டாற்றில் லாரி போகாது. எந்த மழையிலும் கடக்கத்தக்க பாலம் வேண்டும் என்பது மலைமக்களின் நெடுநாள் கோரிக்கை.

1953-இல் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். அதை எதிர்த்து நாடே கொதித்தது. 1954-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அரை நேரப் படிப்பை ஆச்சாரியார் கொண்டுவந்தபோது எதிர்த்து நின்ற இயக்கத்தின் வழிவந்தவர்கள், அரை ஆண்டுப் படிப்பை ஆறு கொண்டுவரும்போது வாய்மூடி இருப்பதா? படிப்பை நிறுத்திய பிள்ளை அடுத்து எங்கே வந்து நிற்கும் என்பதைத் திருப்பூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள். வரட்டும், வளரட்டும்! அதே மலையில் பிறந்த பிள்ளைக்கு ஆற்றைக் கடக்க வழி கேட்டால் மட்டும், "புலிகள் காப்பகம், சட்டம் இடம் தராது" என்கிறார்கள்.

இடம் தராதா? 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் 3-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவைப் படிக்கட்டும். பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, சாலை உள்ளிட்ட பொது வசதிகளுக்குக் காட்டு நிலம் தரலாம் என்கிறது அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராமசபையின் பரிந்துரை வேண்டும்: இவைதாம் நிபந்தனைகள். சாலை என்றால் ஆற்றங்கரையோடு நின்றுவிடும் பொருளா அது? காட்டையும் காக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆட்கள் நடக்க ஒரு பாலம் போட்டால் புலி ஊரைவிட்டா ஓடிவிடும்?

வங்காள தேசத்தைப் பாருங்கள். அங்கே சலன் பில் என்னும் நீர்ப்பரப்பில் மழைக்காலத்தில் ஊர்களே தீவாகின்றன. முகம்மது ரெஸ்வான் என்ற கட்டடக்கலைஞர், பிள்ளை பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகட்டும் என்று, 2002-இல் படகிலேயே பள்ளி தொடங்கினார். படகு கரை கரையாகச் சென்று பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். பிறகு நின்று வகுப்பு நடக்கும். பாறையில் மோதி ஓடும் நம் ஆற்றில் படகு ஆகாது. ஆனால் ஆற்றை அறிந்து பள்ளியை அமைத்தார்களே, அந்த அறிவு ஆகும்.

பாலம் வரும் வரையில் தொண்டர்களுக்கு ஒரு சொல்: ஜூன் வெள்ளத்தில் இறங்காதீர்கள், மே மாதத்திலேயே ஓராண்டுக்கு வேண்டிய நோட்டுகளைக் கொண்டுபோய் அக்கரையில் வையுங்கள். பாலிதீன் பையில் இட்டு வாயைக் கட்டி, அதன்பின் சாக்கில் போடுங்கள். கீழே வெயில் அடிக்கிறதே என்று ஆற்றை நம்பாதீர்கள். மழை மேலே பெய்திருக்கும்.

கணியூர் உழவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கக் கோரி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போகும்போது, அதே மனுவில் கூட்டாற்றுக்குப் பாலம் கேட்டும் ஒரு வரி எழுதுங்கள்.