முதல் கவளம் – 9: ஏத்தப்பழம் இருக்கக் கருப்பட்டி எதற்கு?

1990இல் டெக்னோபார்க் என்ற தொழில்நுட்பப் பூங்கா தொடங்கிய பிறகு கேரளத்துக் கழக்கூட்டத்துக்கு வேலை தேடி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அப்படி ஒரு வீட்டில் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்தால் இரண்டு ஊர்ப் பழக்கமும் ஒரே அடுப்படிக்கு வந்து சேரும். நாகர்கோவில் ஆச்சி மட்டிப்பழத்தை மசிக்கச் சொல்வார். பக்கத்து வீட்டு அம்மூம்மாவோ ஏத்தக்காய், அதாவது நேந்திரங்காய்ப் பொடியில் குறுக்கு என்னும் கூழ் காய்ச்சச் சொல்வார்.

குறுக்குக்குப் பச்சை நேந்திரங்காயையோ குன்னன் காயையோ தோல் சீவி, மெல்லிசாக அரிந்து, ஒடித்தால் முறியும்வரை வெயிலில் காயவைத்துப் பொடித்துச் சலிக்க வேண்டும். அந்தப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்டினால் பளபளவென்று திரண்டு வரும். கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்து ஓடக்கூடாது. குழந்தையின் வயிறு சிறியது. நீர்க்கக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது.

காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து, அதனால் குறுக்குக்குத் தனியாக இனிப்பு கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பனங்கற்கண்டும் கருப்பட்டியும் வருகின்றன. "வெள்ளைச் சீனிதானே கெடுதல், இது இயற்கைதானே" என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். எனக்கும் குமரிக் கருப்பட்டி உயிர். ஆனாலும் சொல்லியாக வேண்டும்: கரும்பில் எடுத்தாலும் பனையில் எடுத்தாலும் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். முளைக்கும் பல்லுக்கு இரண்டும் ஒன்றே. கருப்பட்டியில் இரும்புச்சத்து உண்டு என்பார்கள்; குறுக்கில் போடும் சிறு துண்டு குழந்தையின் தேவைக்கு எட்டாது. தேனோ, ஒரு வயதுக்குள் தொடவே கூடாதது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகளைச் சிசுவின் குடல் தாங்காது. சீனி அதிகமான உணவை இரண்டு வயதுவரை தவிர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

இனிப்பு வேண்டுமென்றால் காயைப் பழுக்க விடுங்கள். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து தானே சர்க்கரையாகிறது. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த ஏத்தப்பழத்தைத் தோலோடு ஆவியில் வேகவைத்து, நடுவில் ஓடும் கறுத்த பகுதியை நீக்கிவிட்டு மசித்து, இறக்கிய குறுக்கில் கலந்தால் போதும். கருப்பட்டி தேவைப்படாது.

கூவரகில், அதாவது நம் கேழ்வரகில், இன்னும் அழகான வழி இருக்கிறது. இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, காயவைத்து, லேசாக வறுத்துப் பொடியுங்கள். முளைக்கும்போது தானியத்துக்குள் அமிலேஸ் என்ற நொதி பெருகுகிறது. கூழ் சூடேறும்போது அது மாவுச்சத்தை உடைத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. அதனால் கூழில் மெல்லிய இனிப்பு வருகிறது, இறுகாமல் இளகியும் இருக்கிறது. அதே அளவு தண்ணீரில் கூடுதல் மாவு சேர்க்கலாம். ஒவ்வொரு கரண்டியிலும் சத்து கூடும். பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் இந்த முளைமாவைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார்கள். நம் பாட்டிமார் சத்துமாவுக்குத் தானியத்தை முளைகட்டிய பழக்கத்துக்கு அறிவியலின் துணையும் கிடைத்தது.

கேரளத்து அங்கன்வாடிகள் ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை கொடுக்கும் அமிர்தம் பொடியை விட்டுவிட்டுப் பேச முடியாது. குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிப்பது. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, கூடவே சர்க்கரை. பருப்பும் கடலையும் இருப்பதால் ஏத்தக்காய்ப் பொடியைவிடப் புரதம் அதிகம். ஏழை வீட்டுக் குழந்தைக்கு அது பெரிய துணை. ஆனால் இனிப்பு ஏற்கெனவே இருக்கிறது, மேலும் போடாதீர்கள். சர்க்கரை இல்லாமலும் அதைத் தர வேண்டும் என்று நாம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கடைப் பாக்கெட்டுகளின் கதை வேறு. இந்தியாவில் விற்ற செரலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததையும், சுவிட்சர்லாந்தில் அப்படிச் சேர்க்கப்படாததையும் 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்ற அமைப்பு வெளிக்கொணர்ந்தது. அங்குள்ள குழந்தைக்கு வேண்டாதது இங்குள்ள குழந்தைக்கு எதற்கு? வாங்கும் முன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஏத்தப்பழக் குறுக்கில் இரும்பும் புரதமும் குறைவு. தாய்ப்பாலோடு இதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் போதாது. பருப்பு, முட்டை, முள் நீக்கி மசித்த மீன் எல்லாம் திட உணவு தொடங்கிய முதல் மாதங்களிலேயே தட்டுக்கு வரவேண்டும். எப்படி, எவ்வளவு என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.