நெருப்பு மூட்டினால் குளிரும் பெட்டி

"நெருப்பு மூட்டினால் குளிரும்" என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். நானும் சிரித்தவன்தான். வெள்ளிமலைக்குப் போய் வந்த பிறகு சிரிப்பதில்லை.

கல்வராயன் மலையில் ஒரு மருத்துவ முகாமுக்கு உதவியாளாகப் போயிருந்தேன். பழைய வேன் ஒன்றில் கேஸில் ஓடும் குளிர்பெட்டி இருந்தது. இன்சுலின் வைப்பதற்காக. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய மருந்து. உறைந்து போனாலும் வீண். சாயங்காலம் பற்ற வைத்தோம். விடிந்து திறந்தால் உள்ளே வெதுவெதுப்பு! மருந்து இருந்த ஐஸ் பெட்டியிலோ ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. மறுநாள் முகாம்.

"தம்பி, மெக்கானிக்கல்தானே படிக்கிறீங்க, பாருங்க" என்றார் டிரைவர் அண்ணன். நான் கம்ப்ரஸரைத் தேடினேன். இருந்தால்தானே!

இதைக் கண்டுபிடித்தவர்களும் நம்மைப் போல மாணவர்கள்தான். 1922-இல் ஸ்டாக்ஹோமில் படித்த பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இருவர். மூடிய குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். பர்னர் சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலே போகிறது. கண்டென்சரில் திரவமாகி, சரிவில் இறங்கி எவாபரேட்டருக்கு வருகிறது. அங்கே ஹைட்ரஜன் கலந்திருப்பதால் அம்மோனியாவின் பங்கு அழுத்தம் குறைகிறது. உடனே ஆவியாகி, பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பிறகு தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு மறுபடி பாய்லருக்கு இறங்குகிறது. ஓடும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

சுடர் நீலமாக எரிந்தது. பாய்லர் பக்கம் நல்ல சூடு. அம்மோனியா நெடி இல்லை. பிறகென்ன கோளாறு? விழித்து நின்றேன்.

"வண்டியே சாஞ்சில்ல நிக்குது தம்பி!" என்றார் அண்ணன்.

அப்போதுதான் உறைத்தது. திரவம் தானாக இறங்கும் சரிவுதான் இதன் பம்ப். பெட்டி சாய்ந்தால் திரவம் வழியில் தேங்கிவிடும். அடுப்பை அணைத்து ஆற விட்டோம். பக்கத்தில் வீடு கட்டிய கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து மட்டம் பார்த்தோம். மறுபடி பற்ற வைத்தோம். இருட்டும் நேரம் தெர்மாமீட்டர் 6 காட்டியது. இன்சுலின் உள்ளே போனது.

இப்படி ஒரு பெட்டி உங்களிடம் வந்தால், வரிசையாகப் பாருங்கள்:

1. முதலில் மட்டம். நெடுநேரம் சாய்ந்தபடி எரிந்தால் பாய்லர் குழாய் அடைத்து, யூனிட்டே போய்விடும்.

2. சுடர் மஞ்சளாக இருந்தால் ஜெட்டையும், புகைபோக்கியில் கரியையும் பாருங்கள். கசிவுக்குச் சோப்பு நுரை. தீக்குச்சி கூடவே கூடாது.

3. கரண்ட்டிலும் ஓடும் பெட்டியானால் அதில் போட்டுப் பாருங்கள். குளிர்ந்தால் கோளாறு பர்னரில்தான்.

4. அம்மோனியா நெடியோ, குழாயில் மஞ்சள் பொடியோ தெரிந்தால் யூனிட் ஒழுகுகிறது. உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே அழுத்தம் அதிகம், வெல்டிங் வைக்காதீர்கள்.

5. அவசரப்படாதீர்கள். குளிரப் பல மணி நேரம் ஆகும்.

ரசமட்டம் கொத்தனார் சாமான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது என் டூல் பாக்ஸில் ஸ்பானருக்கு மேலே அதுதான் இருக்கிறது.