சீனத்துக் கைவண்ணம் – 9: சுட்ட மண்ணில் ஓர் எழுத்து

புத்த நூல் தொகுதி ஒன்றுக்காகச் செங்டு நகரில் ஏறக்குறைய 1,30,000 மரப்பலகைகள் செதுக்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அத்தனை உழைப்பும் அந்த ஒரு தொகுதிக்கே. அடுத்த நூலுக்கு முதல் பலகையிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்துகளைத் தனித்தனியாகச் செய்து, கோர்த்து அச்சடித்து, பிறகு பிரித்துப் போட்டால்?

1040களில் இதைச் செய்துகாட்டியவர் பி ஷெங். பட்டமோ பதவியோ இல்லாத சாமானியர்.

பசைக்களிமண்ணில் எழுத்தை வெட்டி நெருப்பில் சுட்டார். வெட்டின் ஆழம் செப்புக்காசின் விளிம்பளவுதான். ஓர் இரும்புத் தட்டில் பைன் பிசின், மெழுகு, காகிதச் சாம்பல் கலந்த பூச்சு, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் எழுத்துகள். தட்டை அனலில் காட்டினால் பூச்சு இளகும். உடனே சமமான பலகையால் அழுத்த, எழுத்தெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். அச்சடித்து முடித்ததும் மறுபடி அனல், எழுத்துகள் உதிர்ந்துவிடும். ஒரு தட்டில் அச்சு ஓடும்போதே இன்னொன்றில் கோர்ப்பு நடக்கும்.

அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகள் வைத்திருந்தார். அபூர்வமான எழுத்து வந்துவிட்டால் அப்போதே வெட்டி, வைக்கோல் தீயில் சுட்டெடுப்பார். மரத்தை ஏன் தொடவில்லை? அதன் ரேகை ஒரு சீராக இராது. ஈரம் பட்டால் உப்பும். பிசினோடு ஒட்டிக்கொண்டு வராது.

இத்தனை நுணுக்கமும் நமக்குத் தெரிவது ஷென் குவோ என்ற அறிஞர் தம் ‘கனவோடைக் கட்டுரைக’ளில் எழுதிய ஒரே பத்தியால். இந்த முறையின் குறையையும் அவர் மறைக்கவில்லை. இரண்டு மூன்று பிரதிக்கு இதில் லாபமில்லை. நூறு, ஆயிரம் என்று போனால்தான் வேகம் தெரியும் என்கிறார். சீனப் பதிப்பாளர்களுக்கோ ஆயிரக்கணக்கான எழுத்துகளோடு மல்லுக்கட்டுவதைவிட, பலகையைச் செதுக்கி அடுக்கிவைத்து, கேட்கும்போது நாலு பிரதி எடுப்பதே கட்டுப்படியானது. மரப்பலகையே பல நூற்றாண்டுகள் கோலோச்சியது.

பி ஷெங் இறந்தபின் அவருடைய எழுத்துகள் ஷென் குவோவின் உறவினர் கைக்கு வந்தன. பொக்கிஷமாகப் பாதுகாத்தார்கள். ஆனால் அந்த முறையை வாழவைத்தது பெட்டிக்குள் இருந்த மண் அல்ல. 1193இல் சௌ பிதா என்ற முன்னாள் அமைச்சர், ஷென் குவோ எழுதிய முறைப்படியே மண்ணெழுத்து கோர்த்துத் தம் நூலை அச்சிட்டதாக நண்பருக்குக் கடிதம் எழுதினார். படித்துப் பார்த்துச் செய்யும் அளவுக்குத் தெளிவாக இருந்தது அந்தப் பத்தி.

பி ஷெங் ஒதுக்கிய மரத்தை 1298இல் ஒரு மாவட்ட அதிகாரி மறுபடி கையில் எடுத்தார். எழுத்தைத் தேடி ஆள் அலைவதற்குப் பதில், எழுத்தே ஆளைத் தேடிச் சுழன்று வரும்படி மேசை செய்தார். அந்த வாங் ஜென்னை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)